கடைசிப் பக்கத்து எண்கள்

நவம்பர் 2, ஞாயிறு

இன்று பதினாறாம் நாள் காரியத்துக்கு இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர். என் தங்கை சாந்தாமணி, அவள் வீட்டுக்காரர், அவள் மகள். பங்காளிகள் ஒன்பது பேர். எதிர்வீட்டு டெய்லர் குடும்பத்தில் நான்கு பேர். தண்டபாணி கோயில் திருப்பணிக் குழுச் செயலாளர் பத்ரசாமி. காரியம் செய்துவைத்தவர் ஒருவர். குகனோடு பெங்களூரில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பையன்கள், அருண்மொழி, தவ்ஃபீக். ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயர் கேட்கவில்லை.

மொத்தம் இருபத்து மூன்று. இருபத்து மூன்று இலை போட்டதில் ஒன்று மிஞ்சியது. அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். வீட்டுக்காரர் போய், "உள்ள வா சாமி" என்றார். வந்து படத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டாள்.

இந்த டைரி போன வருஷத்து எல்.ஐ.சி. டைரி. தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எதையும் குறித்துவைக்காமல் விட்டதில்லை. சரவணபவ ஜெபமும் தினமும் எழுதுவேன்.

குறிப்பு: மகன் குகன், வயது 27. அக்டோபர் 18, சனிக்கிழமை, தீபாவளிக்கு வரும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டி, பைக்.

ஜெபம் எழுதவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பால்காரரிடம் இனிமேல் அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். அதிரசம் ஒரு தூக்கு அப்படியே இருக்கிறது. பூசணம் பிடிக்கவில்லை. பாகு சரியாக வந்திருக்கிறது.

மத்தியானம் போனில் அவன் குரலைத் தேடினேன். சாந்தாமணி மகள் சீர் வீடியோவில் "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது" என்கிறான். அது ஒன்றுதான். இவரிடம் இருப்பது பட்டன் போன், அதில் எதுவும் நிற்காது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை எனக்குக் குரல் பதிவாக அனுப்பியது பதினொன்று. எண்ணி வைத்திருக்கிறேன். ஆவணிக் கடைசியில், போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அவன் போட்டுக் கொடுத்திருந்த பெட்டகம் என்கிற ஆப்பையும் எடுத்துவிட்டேன்.

ஜெபம் எழுதவில்லை.

நவம்பர் 5, புதன்

தவ்ஃபீக் போன் செய்து நலம் விசாரித்தான். பெட்டகத்தைப் பற்றிக் கேட்டேன். "போன்ல அழிச்சாலும் அங்க ஒரு காப்பி இருக்கும்மா. அது எங்க கம்பெனியோடதுதான்" என்றான். ஆப்பை மறுபடியும் போடுவது எப்படி என்று ஒவ்வொரு படியாகச் சொன்னான். தாளில் எழுதிக்கொண்டு செய்தேன். பழைய கடவுச்சொல் தெரியவில்லை. போனுக்கு ஆறு எண் வந்தது, அதைப் போட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன்.

திறந்தது. உள்ளே ஒரு பட்டியல். பதினோரு வரி. அதில் ஏழு, ஆடி பதினெட்டு அன்று போய்ச் சேர்ந்தவை. அதற்குப் பிறகு நான்கு. கடைசியது செப்டம்பர் 10. தேதியும் அளவும் தெரிகிறது. பெயர் இருக்கும் இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து அர்த்தமில்லாமல் இருக்கிறது. மிகச் சிறியது இரண்டாவது. மிகப் பெரியது கடைசி.

பெரியதைத் தொட்டேன். "உங்கள் சாவியை உள்ளிடவும். 64 எண்கள்" என்று வந்தது.

உதவி எண்ணுக்கு அடித்தேன். இருபது நிமிஷம் பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"கடவுச்சொல்லை மாத்திட்டீங்களே அம்மா, அதுதான் உள்ள போக. இது வேற. இது பூட்டைத் திறக்கற சாவி. அது எங்ககிட்ட கிடையாது."

"உங்ககிட்ட இல்லாம எப்படிங்க? பொருளு உங்க எடத்துலதானே இருக்குது."

"பொருள் எங்க இடத்துல இருக்கு. சாவி உங்ககிட்டத்தான். கணக்கு ஆரம்பிக்கும்போதே அப்படித் தேர்வு பண்ணியிருக்காங்க."

"பையன் இறந்துட்டானுங்க."

பேரும் தேதியும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "சான்றிதழ் அனுப்புனீங்கன்னா கணக்கை உங்க பேருக்கு மாத்தித் தரலாம் அம்மா. ஆனா திறக்க முடியாது. எங்க முதலாளி வந்தாலும் முடியாது" என்றாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

ராத்திரிக்கு உப்புமா. இவர் ஒரு கரண்டி சாப்பிட்டார்.

நவம்பர் 8, சனி

காலையில் ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, நான் பெனிட்டா பேசுறேன். குகனோட டீம். பதினாறாம் நாளைக்கு வந்திருந்தேன்" என்றாள். பெட்டகத்தில் பூட்டுகிற வேலைதான் அவள் வேலையாம். தவ்ஃபீக் சொல்லியிருக்கிறான்.

நான் என்ன கேட்க வேண்டுமோ அதை மட்டும் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

ஒவ்வொரு பதிவையும் தனித்தனிச் சாவியால் பூட்டுகிறார்கள். பதினோரு பதிவு, பதினோரு சின்னச் சாவி. பூட்டின பிறகு அது வெறும் எண் குப்பை. கம்ப்யூட்டரையே யாராவது திருடிக்கொண்டு போனாலும் குப்பைதான் கிடைக்கும். சின்னச் சாவிகளைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்களாம்.

"சாவிய பூட்டுக்குப் பக்கத்துலயே வெச்சா அப்புறம் எதுக்கும்மா பூட்டு?" என்று கேட்டேன்.

"அந்தச் சாவியெல்லாத்தையும் இன்னொரு பெரிய சாவியால பூட்டித்தான் வெப்போம் ஆன்ட்டி. அந்தப் பெரிய சாவி யார்கிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி. நிறையப் பேருக்கு கம்பெனியே வெச்சுக்கும். தொலைஞ்சா கம்பெனி திறந்து குடுக்கும். குகன் உங்க கணக்குக்கு அப்படி வைக்கல. பெரிய சாவி உங்களுக்கு மட்டும்."

"ஏன் அப்படி வெச்சான்?"

"அவன் பேசினத கம்பெனில யாரும் கேட்கக் கூடாதுன்னு. நான்கூட."

கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு உண்டு. அதிகாரியிடம் ஒரு சாவி, தர்மகர்த்தாவிடம் ஒன்று, அறநிலையத் துறை இன்ஸ்பெக்டரிடம் ஒன்று. மூவரும் வந்தால்தான் திறக்கும். ஒருவர் சாவியைத் தொலைத்தால் கொல்லனைக் கூப்பிட்டு உடைக்கலாம். இதை உடைக்க முடியாதா என்று கேட்டேன். உலகத்தில் உள்ள எல்லா கம்ப்யூட்டரையும் சேர்த்து உட்கார வைத்தாலும் நம் ஆயுசு பத்தாது என்றாள். ஒரு எண் மாறினால்கூடத் திறக்காது.

ஒன்று சொன்னாள். அவன் பெட்டகத்தில் போட்டோ எதையும் சேர்க்கச் சொல்லி வைக்கவில்லை. அவன் அனுப்புகிற குரல் பதிவு மட்டும்தான் தானாகப் போய்ச் சேரும்படி வைத்திருக்கிறான்.

"நீங்க அழிச்சிருவீங்கன்னு அவனுக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"போன்ல எடமில்ல" என்றேன்.

"கேட்டுட்டுத்தான் அழிச்சீங்களா?"

குக்கர் விசில் வந்தது. வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கொண்டைக்கடலை ஊறப்போட்டது, சமைக்காமல் முளைத்துவிட்டது. ஜெபம் எழுதவில்லை.

நவம்பர் 12, புதன்

நானே அந்தப் பெண்ணுக்கு அடித்தேன். வேலை நேரமாக இருக்குமே என்று நினைத்தேன். உடனே எடுத்தாள்.

"அவன் பேசினது பெங்களூர்ல இருந்து இங்க வர்ற வழியில யாராச்சும் கேட்டிருப்பாங்களா?" என்று கேட்டேன். இரண்டு நாளாக அது மனதில் இருந்தது.

"இல்ல ஆன்ட்டி. வழிக்கு வேற பூட்டு இருக்கு. அனுப்புற போனும் வாங்குற கம்ப்யூட்டரும் முதல்ல ரெண்டு வார்த்தை பேசிக்கும். நீ யாரு, நிஜமா நீதானான்னு சரிபார்க்கும். அப்புறம் ரெண்டும் சேர்ந்து அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு சாவி செஞ்சுக்கும். வழியில நின்னு கேட்கறவங்களுக்கு வெறும் இரைச்சல்தான்."

"அந்தச் சாவி எங்க இருக்கும்?"

"எங்கயும் இருக்காது. பேச்சு முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் அதைத் தூக்கிப் போட்டுரும்."

அதை எழுதிக்கொண்டேன். வழிக்கு ஒரு சாவி, பேச்சு முடிந்ததும் போய்விடும். இருப்புக்கு ஒரு சாவி, அது இருக்க வேண்டும்.

"அந்த அறுபத்து நாலு எண்ணை அவன் எங்கயாச்சும் எழுதி வெச்சிருப்பானா?"

"அவன் போன் நொறுங்கிருச்சு. லேப்டாப் கம்பெனிது, துடைச்சுட்டாங்க. நான் அப்பவே கேட்டேன் ஆன்ட்டி, சாவிய எங்கடா வெச்சேன்னு. எங்கம்மா உலகத்துல எதைத் தொலைச்சாலும் தொலைக்காத ஒரு எடம் இருக்கு, அங்க எழுதிட்டேன்னான். உங்ககிட்டயும் சொல்லிட்டேன்னான்."

ஆடி பதினெட்டு அன்று அவன் வந்திருந்தான். நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். சாமி அறையிலிருந்து என் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, கதவருகில் நின்று என்னமோ சொன்னான். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இன்று தேடிய இடங்கள்: பீரோ, ரேஷன் கார்டு வைக்கும் பை, அரிசி டின், சாமி அறை மேல்தட்டு, கீழ்த்தட்டு, விபூதிப் பெட்டி, பஞ்சாங்கம், கேஸ் புத்தகம். இல்லை.

சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது தெரிந்தது. தேடின நேரமெல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

தண்டபாணி கோயிலில் கோடி நாம பீடம் கட்டுகிறார்கள். அதற்காக மஞ்சள் அட்டை நோட்டு கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நோட்டு. பக்கத்துக்கு நூற்றெட்டு முறை சரவணபவ எழுத வேண்டும். எழுதி முடித்த நோட்டுகளைப் பீடத்துக்கு அடியில் குழியில் வைத்து மூடிவிடுவார்கள். நான் வாங்கியது ஏழு. எழுதிக் கொடுத்தது ஏழு. ஆறாவது நோட்டு அந்த ஆடியில் சாமி அறை மணைமேல் இருந்தது.

செப்டம்பர் 12, ஆவணிக் கடைசி வெள்ளி, கொடுப்பதற்கு முன் பக்கம் சரிபார்த்தேன். ஆறாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீல மையில் எண்கள். எட்டு வரி, வரிக்கு எட்டு. குகன் கையெழுத்து. சாமி நோட்டில் ஆபீஸ் கணக்கை எழுதிவிட்டானே என்று, மைதா காய்ச்சி, காலண்டரில் இருந்த தண்டபாணி படத்தை வெட்டி அதன்மேல் ஒட்டினேன். ஓரம் தூக்காமல் நன்றாகத் தேய்த்து ஒட்டினேன்.

மறுநாள்தான் போனில் இருந்த குரல் பதிவுகளை அழித்தேன்.

நவம்பர் 15, சனி

துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கொடிமரம் வைத்த கோயிலுக்குள் போகக் கூடாது. அதனால் பத்ரசாமிக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க்கா. சாப்பிட்டீங்ளா, அண்ணன் எப்படி இருக்காரு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே இழுத்தார்.

"அதெப்படிங்க்கா ஆகும். சாமிக்கு வெச்சது வெச்சதுதானுங். திருப்பி எடுத்தா எழுதுனவங்களுக்குத்தான் ஆகாதும்பாங்க."

"நோட்டு வேண்டாமுங்க. கடைசித் தாளு மட்டும்."

"நாலாயிரத்துச் சொச்சம் நோட்டு இருக்குதுங். சிமெண்டு மூட்டையாட்ட கட்டி அடுக்கி வெச்சிருக்குது. அட்டை எல்லாம் ஒரே மஞ்சள். பேரு எழுதக் கூடாதுன்னு நாமளே சொல்லிப்போட்டோம். நட்சத்திரமும் வேண்டுதலும்தான் மொதப் பக்கத்துல இருக்கும்."

"கடைசிப் பக்கத்துல சாமி படம் ஒட்டியிருப்பேனுங்க."

"பாதிப் பேரு ஒட்டியிருக்காங்க்கா."

பிறகு இறங்கி வந்தார். குழி மூடுவது டிசம்பர் 11, வியாழக்கிழமை. கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும், மார்கழியில் செய்ய முடியாது. "ஒரு லெட்டரா எழுதிக் குடுத்துருங். மொதப் பக்கத்துல என்ன வேண்டுதல் எழுதினீங்களோ அதை அப்படியே, ஒரு வார்த்தை மாறாம எழுதோணும். கமிட்டியில அஞ்சு பேரு இருக்கறோம். படிச்சுப் பாத்து சரின்னாங்கன்னா ஆளு விட்டுத் தேடறேன். வேண்டுதல் ஒத்துப்போனாத்தான் நோட்டைத் தொடறது. நாளைக்கு ஆளாளுக்கு வந்து எனக்கும் குடு உனக்கும் குடுன்னா நான் எங்க போறதுங்."

"வேண்டுதல எழுதாம ஆகாதுங்களா?"

"நல்ல வேண்டுதல்தானுங்க்கா இருக்கும். அதுல என்ன இருக்குது" என்றார்.

சரி என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பெனிட்டாவிடம் சொன்னேன். நோட்டு எங்கே இருக்கிறது, படம் ஒட்டியது, குழி. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரித்தாளோ என்று ஒரு சத்தம். இல்லை.

"படத்தைப் பிய்ச்சுராதீங்க ஆன்ட்டி. பேப்பரோட எண்ணும் கிழிஞ்சு வந்துரும்."

"பிய்க்கமாட்டேன். இட்லிச் சட்டி ஆவியில காட்டினா மைதா எளகிரும். பால்பாயிண்ட் மை ஆவிக்குக் கலையாது" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒருவரிடம் சொன்னேன்.

எழுதித் தர வேண்டியதைப் பற்றியும் சொன்னேன். வேண்டுதல் என்னவென்று சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். "ஆடி பதினெட்டுக்கு வந்தப்போ உங்க நோட்டோட முதல் பக்கத்தைப் பார்த்துட்டேன்னு சொன்னான்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டுத்தான் கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கான்."

இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் தேதி. வாசல் விளக்கு இந்த வருஷம் இல்லை. துணி துவைத்தது பன்னிரண்டு உருப்படி. அவன் சட்டை ஒன்று அழுக்குக் கூடையின் அடியில் இருந்தது. அதை மட்டும் துவைக்காமல் திரும்ப வைத்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். போன முறை நாற்பத்தொரு நாள் வந்தது. இனி எவ்வளவு வரும் தெரியாது.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினோரு வரி. கடைசியது ஒன்பது நிமிஷப் பேச்சுக்கு உண்டான அளவு என்று பெனிட்டா கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது ஆறு வினாடிதான் இருக்குமாம். ஆறு வினாடியில் என்ன சொல்ல முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, சாப்பிட்டியா, நான் அப்புறம் கூப்பிடறேன்." ஆறு வினாடி சரியாக இருக்கிறது.

நவம்பர் 22, சனி

சாந்தாமணி வந்தாள். லெட்டரைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்க அவள்தான் வேண்டும், அவளுக்குத் தீட்டில்லை. வந்தவள் முதலில் தூக்கைத் திறந்து அதிரசத்தை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டாள். "இன்னும் எதுக்குக்கா வெச்சிருக்கற, மாட்டுக்கு வைக்கலாம்" என்றாள். கொடுத்துவிட்டேன். எண்ணிக்கை இருபத்தாறு.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனக்கா, உனக்குப் புத்தி பேதலிச்சுருச்சா? அஞ்சு ஆம்பளைங்க உக்காந்து படிப்பாங்க. பத்ரசாமி வாய் சும்மா இருக்குமா? அவரு ஊட்டுக்காரிக்குச் சொன்னா மைக் செட்டே வேண்டாம்."

"தெரியும்."

"வேற ஏதாச்சும் எழுதிக் குடு. குடும்பம் நல்லா இருக்கோணும், நோய்நொடி இல்லாம இருக்கோணும்னு."

"மொதப் பக்கத்தோட ஒத்துப்போகோணும் சாந்தா."

அவள் கவரின் வாயை முடிச்சுப் போட்டாள். "நாந்தான உங்கிட்டச் சொன்னேன், தண்டபாணிகிட்ட எழுதி வையின்னு" என்றாள்.

போகும்போது வாசலில் டெய்லர் வீட்டம்மாவிடம் நின்று பேசினாள். அவர்கள் பெண்ணுக்கு வரன் தகையவில்லையாம். "தண்டபாணிகிட்ட எழுதிப் போடுங்க. கேட்டதைக் கேட்டபடியே குடுக்கற சாமி" என்று சாந்தாமணி சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

லெட்டர் எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர் எழுதினேன். தேதி போட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று எழுதிய அளவே இருக்கிறது. அவரைக்காய் வாங்கினேன், பாதி முற்றல்.

நவம்பர் 25, செவ்வாய்

இவர் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "லெட்டர் எழுதிட்டயா?" என்றார். நான் இவரிடம் சொல்லவே இல்லை. சாந்தாமணி சொல்லியிருக்கிறாள்.

"இல்லீங்க."

"ஏன்?"

"வேண்டுதல எழுதோணும்."

"அது எனக்குத் தெரியும். நீ எழுதறப்போ பக்கத்துலதான கட்டில்ல படுத்திருந்தேன்." பேப்பரை மறுபடியும் விரித்தார். விரித்த பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசினார். "நான் அந்தப் புள்ளையப் பாத்தேன். புரட்டாசியில பெங்களூரு போனனே, பல்லு காட்டறதுக்குன்னு. பல்லுக்காகப் போகல. நல்ல புள்ள. எனக்கு மோர் ஊத்திக் குடுத்துச்சு."

நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தீபாவளிக்குக் கூட்டியாரேன்னான். பஸ்ஸுல ரெண்டு டிக்கெட்டு போட்டுட்டான். நாந்தான் உங்கம்மா இன்னும் எறங்கி வரல, இந்த வருசம் வேண்டாம், தனியா வாடான்னு சொன்னேன். ரெண்டையும் கேன்சல் பண்ணிப்போட்டு பைக்குல கெளம்பிட்டான்."

பேப்பர் ஆடவில்லை. நேராகப் பிடித்திருந்தார்.

"எழுது. உள்ளதை உள்ளபடி எழுது. படிக்கறவன் படிக்கட்டும். அந்த ஒம்பது நிமிசத்தை நானும் கேக்கோணும்" என்றார்.

அவரைக்காய்ப் பொரியல். இருவரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 26, புதன்

பெனிட்டாவுக்குப் போன் செய்து, லெட்டரில் உன் பெயர் வரும் என்றேன். வரட்டும் ஆன்ட்டி என்றாள். கேட்கும்போது அவளும் இருக்கலாமா என்று கேட்டாள். பதினாறாம் நாள் அவள் இலை மிஞ்சியதைச் சொன்னேன். வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

லெட்டர் முடிந்தது. சாந்தாமணி சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போனாள். ஒட்டாமல்தான் கொடுத்தேன். எப்படியும் படிக்கப் போகிறார்கள். நகலை இங்கே எழுதி வைக்கிறேன்.

"தண்டபாணி கோயில் திருப்பணிக் குழுச் செயலாளர் அவர்களுக்கும் மற்ற நான்கு பேருக்கும், வெள்ளியங்கிரி மனைவி நாகமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கோடி நாம பீடத்துக்காக செப்டம்பர் 12 அன்று நான் கொடுத்தது ஏழு நோட்டு. அதில் ஆறாவது நோட்டு எனக்குத் தேவைப்படுகிறது. முதல் பக்கத்தில் கிருத்திகை நட்சத்திரம் என்று எழுதி, அதன் கீழே இந்த வேண்டுதல் எழுதியிருக்கும்:

'என் மகன் குகன், பெனிட்டா என்ற பெண்ணை அடியோடு மறக்க வேண்டும். அவள் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது. அதுவரை அவனோடு பேசமாட்டேன்.'

வைகாசி மாதம் எழுதியது. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கையெழுத்து என்னுடையது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தண்டபாணி படம் ஒட்டியிருக்கும். படத்துக்கு அடியில் என் மகன் எழுதிய அறுபத்து நான்கு எண்கள் இருக்கின்றன. அவன் எனக்கு அனுப்பிய பதினோரு பேச்சு ஒரு இடத்தில் பூட்டி இருக்கிறது. அந்த எண்கள் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது என்று கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டார்கள். அவற்றை நான் கேட்காமலே அழித்துவிட்டேன். இடமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். இடம் இருந்தது.

நோட்டு முழுவதும் வேண்டாம். உள்ளே எழுதிய நாமம் சாமிக்குச் சேரட்டும். கடைசித் தாளைப் படத்தோடு, பிய்க்காமல், பிளேடு வைத்து வெட்டிக் கொடுத்தால் போதும். ஈரம் படாமல் வைக்கவும். முதல் தாளையும் வெட்டி எடுத்துவிடவும். அதைக் குழியில் வைக்க வேண்டாம். அதை என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதால் வரும் குற்றம் என்னைச் சேர்ந்தது. குழுவைச் சேராது. இந்த லெட்டரையே அதற்கு என் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் கோயிலுக்குள் வர இன்னும் பதினோரு மாதம் ஆகும். தங்கை சாந்தாமணியிடம் சொன்னால் போதும். டிசம்பர் 11-க்கு முன்னால், முடிந்தால் இந்த வாரமே, உண்டு இல்லை என்று ஒரு பதில் சொல்லி அனுப்பவும்."